உவர் நிலமும் பருத்திச் செடியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

செண்பகத்தோப்பில் பிறந்தவர்களுக்கு உப்புத் தண்ணீரின் அருமை தெரியாது. நல்ல தண்ணீரின் அருமையும் தெரியாது என்றே சொல்லலாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிவரும் பேயனாற்று நீரைக் கையால் அள்ளிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். என் தந்தையார் அங்கே மாந்தோப்பு ஒன்றில் காவல் வேலை பார்க்கிறார். என் தாயார் பிறந்த ஊரோ சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊர். அங்கே கிணற்று நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சிறு வயதில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், "மலைத்தண்ணி குடிச்ச வாய்க்கு எங்க தண்ணி எறங்காது" என்று என் தாய்மாமா கேலி செய்வார்.

எங்கள் மலையில் பெய்யும் மழைதான் ஓடைகளாகவும் கண்மாய்களாகவும் கிழக்கே சென்று, வைப்பாற்றில் கலந்து, மன்னார் வளைகுடாவை அடைகிறது. போகும் வழியெல்லாம் பாறையிலும் மண்ணிலும் உள்ள உப்புகளைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகிறது. வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது, உப்பைத் தொடுவதில்லை. ஆகவே மலையடிவாரத்தில் இனிக்கும் நீர், கரிசலில் கரிக்கிறது. முடிவில் கடலோர உப்பளங்களில் வெயில் செய்யும் வேலையும், கரிசல் காட்டில் அது செய்யும் வேலையும் ஒன்றே, அளவில்தான் வேறுபாடு.

இவ்வளவையும் நான் வகுப்பறையில் கற்றேன். ஆனால் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு என்னைச் சிந்திக்க வைத்தது, என் மாமாவுக்கு நேர்ந்த ஓர் இழப்பு.

சென்ற ஆண்டு மாசிப் பட்டத்தில் மாமா தம் இரண்டு ஏக்கரில் கிணற்றுப் பாசனத்தை நம்பிப் பருத்தி ஊன்றினார். விதைப் பாக்கெட் ஒன்று எண்ணூறு ரூபாய்க்கு மேல். ஏக்கருக்கு இரண்டு பாக்கெட். உழவுக் கூலி, பார் பிடித்த கூலி, ஊன்றிய கூலி எல்லாம் கடன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாரின் உச்சியில் ஆங்காங்கே ஒரு கன்று; மற்ற இடமெல்லாம் வெறும் மண். முளைத்தவற்றிலும் பல, இலை ஓரம் கருகி நின்றன. விதை மோசம் என்று முடிவு கட்டிய மாமா, விதை வாங்கிய கடையில் போய்ப் பத்துப் பேர் பார்க்கச் சண்டை போட்டுவிட்டு வந்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, மீந்த விதையில் ஒரு கைப்பிடியைத் தாளில் மடித்து என் முன் வைத்து, "படிச்ச புள்ள நீ சொல்லு தாயி, வெத மோசமா, மண்ணு மோசமா?" என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பைப் பற்றி என்னிடம் யாரும் அதுவரை எதுவும் கேட்டதில்லை. கட்டணம் எவ்வளவு என்பதைத் தவிர. என் தாயார் அருகிலிருந்து, "பருத்தி உவரத் தாங்குமே, எங்கய்யா காலத்துலருந்து அந்தக் காட்டுல பருத்திதானே" என்றார். அவர் பருத்தி எடுக்கும் கூலிக்குப் போய்ப் பழகியவர். அவர் சொன்னதும் பொய்யன்று. அப்படியாயின் கன்று ஏன் செத்தது?

நூலகத்தில் தேடியபோது என் தாயார் பக்கமே சாட்சிகள் அதிகமாக இருந்தன. அமெரிக்காவில் ரிவர்சைடு என்னும் ஊரிலுள்ள உவர்நில ஆய்வகத்தைச் சேர்ந்த மாஸ், ஹாஃப்மன் என்னும் இருவர், பயிர்கள் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதை 1977இல் பட்டியலிட்டனர். மண்ணை நீரில் ஊறவைத்து வடித்த சாற்றின் மின்கடத்து திறனே அளவுகோல். அன்று அதை மில்லிமோ என்றார்கள், இன்று மீட்டருக்கு டெசிசீமன் என்கிறோம், எண் மாறுவதில்லை. அந்தக் கணக்கில் பீன்ஸ் 1.0 அளவிலும், மக்காச்சோளம் 1.7 அளவிலும், நெல் 3.0 அளவிலும் மகசூல் குறையத் தொடங்கும். பருத்திக்கோ 7.7 வரை குறைவில்லை. அதன்பின் ஒவ்வோர் அலகுக்கும் நூற்றுக்கு ஐந்து விழுக்காடு போலக் குறையும். 17ஐ எட்டினால்தான் மகசூல் பாதியாகும். பார்லி ஒன்றே அதற்குச் சற்று முன்னால் நிற்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1985இல் திருத்தி வெளியிட்ட நூலில், 5.1 வரையுள்ள பாசன நீரைப் பருத்திக்குக் குறைவின்றிப் பாய்ச்சலாம் என்று காண்கிறது.

மாமாவின் கிணற்று நீரைப் புட்டியில் கொண்டுவரச் சொல்லி, நம் கல்லூரி ஆய்வகத்துக் கருவியில் வைத்துப் பார்த்தேன். 3 என்று காட்டியது. நூலின்படி அந்த நீர் பருத்திக்கு நன்றாகவே போதும். நூலும் பொய் சொல்லவில்லை, மாமாவின் கண்ணும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு செய்தி விடுபட்டிருந்தது.

அதைத் தேடுமுன், பருத்தி எப்படி உப்பைத் தாங்குகிறது என்று முதலில் காண்போம். உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றிச் செய்த சவ்வூடு பரவல் சோதனையை நாம் எல்லோரும் பள்ளியில் செய்திருக்கிறோம். நீர் அடர்வு குறைந்த பக்கத்திலிருந்து அடர்வு மிகுந்த பக்கத்துக்குப் போகும். வேரின் உயிரணுவைவிட மண் கரைசல் அடர்வு மிகுந்ததாயின், காலடியில் நீர் நின்றாலும் செடி தவித்து வாடும். இது முதல் இடர். இரண்டாவது, சோடியம் செய்யும் தீங்கு. செடியின் நொதிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை பொட்டாசியத்தை நம்பி வேலை செய்வன. சோடியமும் தோற்றத்தில் பொட்டாசியம் போன்றதே. அது புகுந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் வேலை நின்றுபோகும்.

சில பயிர்கள் சோடியத்தை வேரிலேயே தடுத்து நிறுத்தப் பார்க்கின்றன. பருத்தியும் வேரில் ஓரளவு வெளியேற்றுகிறது. ஆனால் அதன் உண்மையான திறமை வேறு. அது உப்பை இலை வரை அனுமதித்து, அங்கே சிறை வைக்கிறது. இலையின் உயிரணுவுக்குள் வாக்குவோல் என்னும் பெரிய பை இருப்பதை நாம் நுண்ணோக்கியில் கண்டிருக்கிறோம். அந்தப் பையின் சவ்வில் உள்ள புரதங்கள் ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டு, அதற்கு மாற்றாகச் சோடியத்தை உள்ளே தள்ளுகின்றன. வீட்டில் உப்பு சாடிக்குள் இருக்கும்வரை நமக்குத் துணை. அதே உப்பு பாலில் சிந்தினால் பால் கெட்டது. பருத்தி உப்பைச் சாடியில் வைக்கத் தெரிந்த செடி. அதுமட்டுமன்று. சாடிக்குள் அடைபட்ட உப்பே உயிரணுவின் அடர்வைக் கூட்டி, உவர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சவும் உதவுகிறது. சாடிக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசம் அடர்வில் பின்தங்கிவிடாமலிருக்க, கிளைசின் பீட்டைன் என்னும் பொருளைப் பருத்தி மிகுதியாகச் சேர்த்துக்கொள்கிறது. இப்பொருள் நொதிகளுக்குத் தீங்கு செய்யாதது.

டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தார், அராபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறு செடியிலிருந்து இந்தச் 'சாடிக்கதவு'ப் புரதத்தின் மரபணுவை எடுத்துப் பருத்தியில் புகுத்தினர். உவர் நிலையிலும் ஒளிச்சேர்க்கை நன்றாக நடந்ததென்றும், வயலில் பஞ்சு மகசூல் கூடியதென்றும் 2005இல் வெளியிட்டனர். எனினும் கதவைத் திறந்து மூடுவதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் வளர்ச்சிக்குப் போக வேண்டியது. உவர் காட்டுப் பருத்தி குட்டையாகவும் இலை சிறுத்தும் தடித்தும் நிற்பது அதனால்தான். பஞ்சுக்கும் இதில் பங்குண்டு. நாம் நூற்கும் இழை ஒவ்வொன்றும் விதைத்தோலில் முளைத்த ஒரே ஓர் உயிரணு. அது பொட்டாசியத்தையும் மாலேட்டையும் நிரப்பி ஊதிப் பெருத்தே நீள்கிறது. பொட்டாசியம் குறைந்தால் இழையும் குன்றும். இராஜபாளையத்து நூற்பாலைகளில் இழை நீளம் பார்த்து விலை பேசுவோருக்கு இச்செய்தி பயன்படலாம்.

இத்திறமை பருத்திக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். ஹவாய்த் தீவுகளின் வறண்ட கடற்கரையில் தானாகவே வளரும் காட்டுப் பருத்தி ஒன்று உண்டு. காலபாகோஸ் தீவுகளிலும் ஒன்று உண்டு. பருத்தி விதைகள் கடல்நீரைத் தாங்குமா, அவ்வாறு மிதந்து தீவு தீவாகப் பரவியிருக்குமா என்று ஸ்டீஃபன்ஸ் என்னும் அறிஞர் 1958இல் ஆராய்ந்து எழுதியுள்ளார். நம் கரிசலின் பழைய பயிர்களில் கருங்கண்ணி ஒன்று, உப்பம் மற்றொன்று. உப்பம் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் பெயரை வைத்துக்கொண்டு தாவரவியல் பேசக்கூடாது என்று எங்கள் பேராசிரியை தடுத்துவிட்டார். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியை நெடுங்காலம் செம்மைப்படுத்தி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி இரகங்களின் பெயரில் இருப்பது நம் ஊர்தான் என்பதை நம் மாணவர் பலர் அறியார். நானும் கடந்த ஆண்டு வரை அறியேன்.

இனி விடுபட்ட செய்திக்கு வருகிறேன். 7.7 என்ற எண்ணின் அருகே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். முளைப்பருவத்துக்கும் இளங்கன்றுக்கும் இந்த எண் பொருந்தாது என்பதே அது. நான் முதல் முறை அதைப் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

எண்ணிப் பார்த்தால் காரணம் எளிது. சாடி வேண்டுமே! முளைக்கின்ற விதையில் பெரிய வாக்குவோல்களும் இல்லை, விரிந்த இலையும் இல்லை. விதையில் உள்ள சேமிப்பைக் கொண்டு நீரை உறிஞ்சி, முளைவேரைக் கீழே விட்டு, கொக்கி போல வளைந்த தண்டால் மண்ணை முட்டி இரண்டு வித்திலைகளையும் மேலே தூக்க வேண்டும். வளர்ந்த செடியின் ஆணிவேர் ஆள் உயரம் கூட இறங்கி, உப்புக் குறைந்த இடத்தில் நீரைத் தேடிக்கொள்ளும். முளைக்கும் விதை இருப்பதோ மேல்மண்ணில் இரண்டு விரற்கடை ஆழத்தில். வெயில் உப்பைக் கொண்டுவந்து குவிப்பதும் அதே இரண்டு விரற்கடையில்தான்.

இதைச் சோதிக்க, மாமா கொடுத்த விதையை மூன்று பங்காக்கி, மூன்று தட்டுகளில் வடிதாள் மேல் பரப்பினேன். முதல் தட்டுக்குப் பேயனாற்று நீர். இரண்டாவதற்கு மாமாவின் கிணற்று நீர். மூன்றாவதற்கு அதே கிணற்று நீரை அடுப்பில் வைத்துக் கால் பங்காகச் சுண்டக் காய்ச்சி ஊற்றினேன். (காய்ச்சும்போது சுண்ணாம்பு கொஞ்சம் படிந்துவிடுமாதலால், உப்பு சரியாக நான்கு மடங்காகாது என்று வேதியியல் ஆசிரியர் திருத்தினார்.) முதல் தட்டில் மூன்றாம் நாளே அநேகமாக எல்லாம் முளைத்தன. இரண்டாவதில் ஒரு நாள் தாமதம், ஆனால் முளைத்தன. மூன்றாவதில் மிகச் சிலவே வாய் திறந்தன. அவற்றின் வேர்நுனியும் பழுத்துக் கருகிற்று. ஒரு முறை செய்தது சோதனையாகாது என்று பேராசிரியை சொன்னதால் மேலும் இருமுறை செய்தேன். வரிசை மாறவில்லை.

ஆக, விதை மோசமில்லை. கிணற்று நீரும் அப்படியே கிடைத்தால் மோசமில்லை. வயலில் அந்த நீர் அப்படியே கிடைக்கவில்லை என்பதே செய்தி.

இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன். என்னைத் திடுக்கிட வைத்த கணக்கு இது. 3 டெசிசீமன் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கும். ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால் சுமார் இரண்டு இலட்சம் லிட்டர். அதில் உள்ள உப்பு 400 கிலோ! ஐம்பது கிலோ மூட்டையில் எட்டு மூட்டை. மாமா ஒவ்வொரு தண்ணீருக்கும் ஏக்கருக்கு எட்டு மூட்டை உப்பைத் தம் காட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் சுவிட்சைப் போட்டு.

அந்த உப்பு எங்கே போய்ச் சேரும்? சாலில் ஓடும் நீர் இரு பக்கமும் பாருக்குள் ஊறி மேலேறும். பாரின் உச்சியில் வெயிலில் ஆவியாகும். அதனால் இரு சாலிலிருந்தும் வந்த உப்பு உச்சியில் கூடுகிறது. மாசி, பங்குனி வெயிலில் இது வெகு விரைவில் நடக்கும். மாமா விதை ஊன்றியது சரியாக அந்த உச்சியில்! பாரின் உச்சி, சரிவு, சால் மூன்றிலும் மண் எடுத்துக் கரைத்துப் பார்த்தேன். உச்சி மண்ணின் அளவு சால் மண்ணைவிடப் பல மடங்கு இருந்தது. என் மூன்றாவது தட்டு மாமாவின் காட்டில் பார் பாராக நீண்டு கிடந்தது.

இதை மாமாவிடம் சொல்வதுதான் எனக்குப் பரீட்சையைவிடக் கடினமாக இருந்தது. கடைக்காரர்மேல் பிழையில்லை என்று சொல்ல வேண்டும். நீங்கள் ஊன்றிய இடம்தான் பிழை என்றும் சொல்ல வேண்டும். அவர் முப்பது ஆண்டு விவசாயம் பார்த்தவர். தட்டுகளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மழைக்கு ஊன்றப்ப உச்சியிலதான் ஊன்றோம், அப்ப ஏன் சாகல?" என்று கேட்டார். நல்ல கேள்வி. புரட்டாசி, ஐப்பசி மழை மேலிருந்து கீழாக இறங்குகிறது. உப்பையும் விதைக்குக் கீழே கழுவிக்கொண்டு போகிறது. சால் நீர் கீழிருந்து மேலேறுகிறது. என் தாயார் சொன்ன 'எங்கய்யா காலம்' மானாவாரிக் காலம். அப்போது உவர் காட்டில் பருத்தி வந்ததற்குப் பருத்தி பாதிக் காரணம், வடகிழக்குப் பருவமழை பாதிக் காரணம்.

உவர் வேறு, களர் வேறு என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். உவரில் கரையும் உப்பு மிகுதி. மேலே வெள்ளை பூக்கும். நல்ல நீர் விட்டுக் கழுவினால் இறங்கும். களரில் சோடியம் களிமண்ணோடே ஒட்டிக்கொண்டு, மண் கட்டி குலைந்து, நீர் இறங்காமல் நிற்கும். கர்னாலில் 1969இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, தமிழ்நாட்டில் கெட்ட நிலம் ஏறத்தாழ 3.68 இலட்சம் எக்டேர். அதில் உவர் 13 ஆயிரம் எக்டேரே, மற்றதெல்லாம் களர். களருக்கு ஜிப்சம் இடுவது சோடியத்தைத் தள்ளிவிட்டுக் கால்சியத்தை வைப்பதற்காக. கால்சியம் மண்ணுக்கு மட்டுமன்றி வேருக்கும் காவல். கலிபோர்னியாவில் கிராமர், லாக்லி முதலியோர் பருத்தியின் வேர்த்தூவிகளையே வைத்து, உப்பு மிகும்போது உயிரணுச் சவ்விலிருந்து கால்சியத்தைச் சோடியம் பெயர்த்துவிடுகிறது என்று 1985இல் காட்டினர். மாமாவின் மண் உவரே தவிரக் களரன்று என்பதால் ஜிப்சம் வாங்கச் சொல்லவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் போடுகிறார் என்பதற்காக மண்ணைப் பாராமல் மூட்டை மூட்டையாகப் போடுவது வீண் செலவு.

புரட்டாசியில் மாமா மறுபடி ஊன்றினார். முதல் மழை இறங்கி மண் நனைந்த பிறகு, பாரின் உச்சியை விட்டுச் சரிவில், பாதி உயரத்தில் ஊன்றச் சொன்னேன். ஊன்ற வந்த பெண்கள், "இது என்ன புதுப் பழக்கம்" என்று சிரித்தார்களாம். விதை வாங்க மாமா அதே கடைக்குத்தான் போனார். இருவரும் பழையதைப் பேசவில்லை. கடைக்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார் என்று மட்டும் சொன்னார்.

கன்று நன்றாகப் பிடித்தது. மார்கழியில் மழை நின்றுவிட்டது. சப்பை கட்டிப் பூ எடுக்கும் நேரம். செடி வாடத் தொடங்கியது. கிணற்று நீரை விடலாமா என்று மாமா கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது என்றால் மிகையாகாது. விடலாம் என்றேன். இப்போது செடியிடம் சாடி இருக்கிறது. வேர் ஆழத்தில் இருக்கிறது. ஒரு சால் விட்டு ஒரு சாலில் பாய்ச்சச் சொன்னேன். வேரின் ஒரு பக்கம் உப்பும் மறுபக்கம் நல்ல மண்ணும் இருந்தால், பருத்தி நல்ல பக்கத்தில் நீரை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் என்று சீனாவின் ஷாண்டோங் மாநிலத்துப் பருத்தி ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டிருந்ததைப் படித்த தைரியம். மாசியில் கன்றைக் கொன்ற அதே கிணறு மார்கழியில் செடியைக் காப்பாற்றியது.

ஆனால் எட்டு மூட்டைக் கணக்கு அப்படியே இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கும் காட்டில் உப்பு ஏறியிருக்கிறது; பாய்ச்சியது பாதிச் சால் என்றால் நான்கு மூட்டை. அடுத்த புரட்டாசி மழை அதைக் கீழே தள்ள வேண்டும். தள்ளாத ஆண்டுகள் தொடர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய ஆசியா சான்று. பருத்திக்காக அமு தர்யா, சிர் தர்யா என்னும் இரு நதிகளை 1960களிலிருந்து பெருமளவு திருப்பியதில் ஏரல் கடல் சுருங்கியது. உஸ்பெகிஸ்தானில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் விதைப்புக்கு முன் வயலில் நீர் தேக்கி உப்பைக் கழுவிய பிறகே பருத்தி விதைக்கிறார்கள். அத்தனை தண்ணீருக்கு மாமா எங்கே போவார்? ஆகவே மாசிப் பட்டம் வேண்டாம் என்பது என் கருத்து. மாமாவுக்கு அதில் முழுச் சம்மதமில்லை. கோடையில் காடு சும்மா கிடந்தால் வட்டி சும்மா இருக்குமா என்கிறார்.

இக்கட்டுரையை எழுதும் இந்த வாரம் என் தாயார் அங்கேதான் இருக்கிறார், முதல் எடுப்பு. கிணற்றை ஒட்டிய மூலையில் மட்டும் இம்முறையும் செடி நிற்கவில்லையாம். நேற்றுத் தொலைபேசியில் மாமா பேசினார். அந்த மூலை மண்ணைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறாராம். "அம்மா வர்றப்ப குடுத்து விடுறேன், ஒங்க மிசின்ல வச்சுப் பாத்துச் சொல்லு" என்றார்.